நாற்பத்தொன்றாவது நக்கிள்

அன்ஜோ,
நவம்பர் 7

அன்புள்ள ஷிகேஹரு அவர்களுக்கு,

மிட்சுயோ வணக்கத்துடன் எழுதுவது. இங்கே காலையில் வாயைத் திறந்தால் மூச்சு வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. நாயோரோவில் இந்நேரம் முழங்கால் வரை பனி கிடக்கும். உடம்பு எப்படி இருக்கிறது? நான் வைத்து அனுப்பிய கம்பளி உள்பனியன்களைப் போட்டுக்கொள்கிறீர்களா, இல்லை மடிப்புக் கலையாமல் அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறீர்களா?

இந்தக் கடிதம் எப்படி வந்தது என்று திகைத்திருப்பீர்கள். நீங்கள் அங்கிருந்து பழைய பாகங்களை நீலப் பெட்டிகளில் அனுப்புகிறீர்கள். நாங்கள் பெட்டிகளைக் காலியாகத் திருப்பி அனுப்புகிறோம். காலியாகப் போகிற பெட்டிதானே என்று மூன்றாவது பெட்டியின் ரப்பர் விரிப்புக்கு அடியில் வைத்துவிட்டேன். இருபத்தாறு வருட வேலையில் ஆலையிலிருந்து ஒரு திருகாணியைக்கூட வெளியே கொண்டு போகாதவள், இப்போது கடத்தல்காரி ஆகிவிட்டேன்.

போனில் பேசலாமே என்பீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனில் பேசியதை எண்ணினேன். பதினோரு "ம்", இரண்டு "சரி", ஒரு "வெச்சிரட்டுமா". கடிதத்துக்கு "ம்" சொல்லிவிட்டு வைக்க முடியாது. அதனால்தான்.

உங்களிடமிருந்து கடிதம் வராவிட்டால் என்ன, பெட்டியில் கட்டிய அட்டைச் சீட்டு வாராவாரம் வருகிறது. எந்த ஊர், எந்த வருடத்து வண்டி, எத்தனை உருப்படி என்று உங்கள் கையெழுத்து. ஏழு போட்டால் நடுவில் ஒரு கோடு இழுப்பீர்களே, அதைப் பார்த்ததும் ஆள் நலம் என்று தெரிந்துவிடுகிறது. பக்கத்து மேஜை நொரியே சும்மா இருப்பாளா? "உங்க வீட்டுக்காரர் லெட்டர் வந்திருக்கு, படிச்சுட்டு அப்புறமா வேலையப் பாருங்க" என்று மற்றவர்கள் காதில் விழும்படி சொல்கிறாள்.

ஆலை வாசல் பலகையில் எண் எண்பத்தாறுக்கு ஏறிவிட்டது. நூறு கிலோ பழைய இரும்பு திரும்பி வந்தால் எண்பத்தாறு கிலோவை உருக்காமலே புதிய வண்டிக்குப் போட்டுவிடுகிறோம் என்று பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் பெருமை அடிக்கிறார்கள். போன வாரம்கூட வெளிநாட்டிலிருந்து ஒரு கூட்டம். பிரிவுத் தலைவர் குவாயாமா அவர்களைக் கொண்டுபோய் உங்கள் தாளின் முன் நிறுத்தினார். ஆமாம், கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்! முன்சக்கரத்தையும் ஸ்டியரிங்கையும் இணைக்கும் நக்கிளை ஒரு தடவை செப்பனிட்ட பிறகு உலையில் போட வேண்டாம், வெடிப்பு இருக்கிறதா என்று சாயம் பூசிப் பார்த்து இன்னொரு தடவையும் அனுப்பலாம் என்ற உங்கள் யோசனை. அதனால் இரண்டு உலைகளில் ஒன்று ஆறிப்போய்க் கிடக்கிறது. கீழே ஆறு முத்திரைகள். சின்னவர்களின் முத்திரைகள் எல்லாம் மேலாளரின் முத்திரை இருக்கும் பக்கம் சாய்ந்து கும்பிடுகின்றன. எல்லாவற்றையும்விட அதிகம் சாய்ந்திருப்பது உங்களுடையது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பாராட்டுப் பத்திரத்தைக் கையில் கொடுத்து ஏப்ரலிலேயே உங்களை வடக்கே தள்ளிவிட்டார்கள். பழைய பாகம் சேகரிக்கும் கிளைக்குப் பொறுப்பாளர் என்றால் பெரிய பதவி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். வெள்ளை வேனுக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படத்தை நொரியேயிடமும் காட்டினேன். வேன் கதவில் "மீட்ட பாகங்களால் ஓடும் வண்டி" என்று எவ்வளவு பெரிய எழுத்து! நீங்கள் சிரித்திருப்பது போலத்தான் தெரிகிறது.

ஒரு சின்ன விஷயம். செவ்வாய்க்கிழமை உங்கள் பெட்டியில் வந்த நக்கிள் ஒன்றைச் சுத்தியலால் தட்டினேன். நல்ல இரும்பு என்றால் மணி மாதிரிப் பேசும் என்று உங்களுக்குத் தெரியும். இது பேசவில்லை. ஈரத் துணியில் தட்டியது போல ஒரு சத்தம். சாயம் பூசிப் பார்த்தால் கழுத்தில் சிவப்பாக முடி போல ஒரு வெடிப்பு, நகம் அளவு நீளம். அதில் இரண்டு புள்ளிகள் இருந்தன. இரண்டு தடவை செப்பனிட்டது என்று அர்த்தம். லாரியில் விழுந்திருக்கும் என்கிறாள் நொரியே. நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் அதை உருக்கும் தொட்டியில் போடக் கை வரவில்லை. மேஜை ஓரத்திலேயே இருக்கிறது.

காகிப் பழங்களைத் தோல் சீவி, மாடிக் கம்பியில் நாற்பத்தெட்டு தொங்கவிட்டிருக்கிறேன். உலர்ந்ததும் பெட்டியில் வரும். சாலையில் கவனமாகப் போங்கள்.

உங்கள்
மிட்சுயோ


அன்ஜோ,
நவம்பர் 21

அன்புள்ள உங்களுக்கு,

காகிப் பழங்கள் சுருங்கிக் கறுக்கத் தொடங்கிவிட்டன. காற்று காய்ந்து வீசுகிறது. நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

மேஜை ஓரத்தில் ஒன்று இருக்கிறது என்று எழுதினேன் அல்லவா? இப்போது ஒன்பது. ஒன்பதிலும் இரண்டு புள்ளிகள். ஒன்பதும் உங்கள் பக்கத்திலிருந்து வந்தவை. தெற்கே கியூஷூவிலிருந்தும் ஷிகோகுவிலிருந்தும் இரண்டு புள்ளி வைத்த நக்கிள்கள் நூற்றுக்கணக்கில் வந்திருக்கின்றன. ஒன்றிலும் ஒரு கீறல் கிடையாது. எல்லாம் மணி போலப் பேசுகின்றன. உங்கள் பெட்டியைத் திறக்கும்போது மட்டும் சுத்தியலைத் தூக்கவே பயமாக இருக்கிறது.

குவாயாமாவிடம் கொண்டு போய், வடக்கே பனிக்குத் தூவும் உப்புதான் காரணமாக இருக்கும் என்றேன். நல்ல மனிதர்தான். நம் கல்யாணத்தில் வாழ்த்துப் பேச எழுந்து என் பெயரை மறந்துபோய் முழித்தாரே, அந்தக் குவாயாமா இப்போதும் அப்படியேதான் முழிக்கிறார். உங்கள் தாளின் நகலை எடுத்து விரலால் வரி வரியாகத் தடவினார். "உப்புன்னு ஒரு வார்த்தை இதுல எங்கயாவது இருக்காம்மா? வடக்குன்னு இருக்கா? சாயத்துல தேறினா அனுப்புன்னுதானே இருக்கு. இதெல்லாம் போன வருஷம் சாயத்துல தேறினதுதானே. தாள்ல இல்லாதத நான் எப்படிச் செய்ய முடியும்?" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "எழுதினவர் வேணும்னா ஒரு வரி எழுதி முத்திரை வெச்சு அனுப்பட்டும். அன்னைக்கே நிறுத்திடறேன்" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் முத்திரை வைக்கும் இழுப்பறையைக் குடைந்தேன். நான் நினைத்தது சரி. உங்கள் முதல் பிரதி அங்கேயே இருக்கிறது. அதில் இரண்டு தாள்கள்.

இரண்டாவது தாளில் உங்கள் கையெழுத்தில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். "பனிக்கு உப்புத் தூவும் ஊர்களில் ஓடிய வண்டிகளின் நக்கிளை இரண்டாம் தடவை மீட்கக் கூடாது. உப்பு அரித்த குழி சாயத்துக்கு அகப்படாது. மேலே சுத்தமாகத் தெரியும். ஒரு குளிர்காலம் ஓடிய பிறகுதான் வெடிப்பாக வரும்."

அந்தச் சாயங்காலம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? எனக்கு இந்தப் பதினைந்து நாட்களாக வேறு எதுவுமே நினைவில் இல்லை. நம் ஆலையில் எந்த யோசனையானாலும் ஒரே தாளில் அடங்க வேண்டும். இரண்டு தாள் கொடுத்தால் படிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவார்கள். எழுத்தைச் சிறிதாக்கிப் பார்த்தீர்கள். ஓரத்தைக் குறைத்துப் பார்த்தீர்கள். ஐந்து வரி அதிகமாகவே இருந்தது. தேநீர் கொண்டு வந்து வைத்தவள் நான். "நம்ம பக்கம் என்ன பனியா கொட்டுது? அத எடுத்துருங்க, அழகா அடங்கிடும்" என்று சொன்னவளும் நான்தான். நீங்கள் "ம்" என்றீர்கள். பிறகு நான்தான் நல்ல கையெழுத்தில் பிரதி எடுத்தேன். அதைத்தான் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

அதனால் உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அங்கே உப்பு லாரி தினமும் உங்கள் கண்முன்னால் போகிறது. துருப்பிடித்த பாகங்களைக் கையால் எடுத்து நீங்களே பெட்டியில் வைக்கிறீர்கள். அப்போதெல்லாம் இந்த ஐந்து வரி உங்களுக்கு ஞாபகம் வரவில்லையா? வந்திருந்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது.

இரண்டாவது தாளை நகலெடுத்து இதோடு வைத்திருக்கிறேன். முத்திரை வைத்துக் குவாயாமாவுக்கு அனுப்புங்கள். பத்திரத்தைத் திருப்பிக் கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும். நம் வீட்டில் அந்தச் சுவர் காலியாக இருந்தாலும் பரவாயில்லை.

சூப்புக்குச் சிவப்பு மீசோ விழுது ஒரு டப்பா வைத்திருக்கிறேன். அந்த ஊர் வெள்ளை மீசோவை எப்படித்தான் குடிக்கிறீர்களோ! சூடாகச் சாப்பிடுங்கள்.

உங்கள்
மிட்சுயோ


அன்ஜோ,
டிசம்பர் 6

அன்புள்ள உங்களுக்கு,

வருடம் முடிய இன்னும் மூன்று வாரம்தான். அங்கே இரவில் குழாய்த் தண்ணீர் உறைந்துவிடுமாமே. படுக்கப் போகுமுன் குழாயைத் திறந்துவிட்டு நீரை வடித்துவிடுங்கள்.

பதில் இல்லை. போனில் "பெட்டியைப் பார்த்தீர்களா" என்றேன், "ம்" என்றீர்கள். "அனுப்புவீர்களா" என்றேன், அதற்கு அந்த "ம்" கூட வரவில்லை. ஆனால் இந்த வாரச் சீட்டில் நீங்கள் போட்ட ஏழைப் பார்த்தேன். நடுக்கோட்டை அழுத்தி இழுத்ததில் அட்டையே கிழிந்திருக்கிறது. படித்துவிட்டீர்கள் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

உங்கள் கிளை மூலமாக ஒரு புகார்த் தாள் வந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். மளிகைக் கடை வாசலில் வண்டியை நிறுத்தப் போயிருக்கிறார் ஒரு தபால்காரப் பெண்மணி. நடக்கிற வேகம்தான். முன்சக்கரம் தன்பாட்டுக்குக் கோணிக்கொண்டு விழுந்துவிட்டதாம். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. "நல்லவேளை" என்று குவாயாமா பெருமூச்சு விட்டார். கடை வாசலில் விழுந்தது மலைப்பாதையிலும் விழும். அது நாள் பார்த்துக்கொண்டு விழாது.

அக்டோபரில் அதே மாதிரி, வடக்கே ஓடிய வண்டிகளின் நக்கிள்களைச் செப்பனிட்டு வடக்குக்கே திருப்பி அனுப்பினோம். நாற்பத்தொன்று. எனக்கு எப்படி எண்ணிக்கை தெரியும் என்றால், ஒவ்வொன்றிலும் இரண்டாவது புள்ளியை அடித்ததும் ஒன்று முதல் நாற்பத்தொன்று வரை எண் போட்டதும் நான்தான். எல்லாம் சாயத்தில் தேறியவை. போன வருடம் அனுப்பிய ஒன்பதும் சாயத்தில் தேறியவைதானே.

வெள்ளிக்கிழமை ஆண்டு முடிவு விருந்து. மேலாளர் கோப்பையைத் தூக்கி, "மார்ச்சுக்குள்ள தொண்ணூறு!" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்த விருந்தில் மூன்றாவது கோப்பைக்குப் பிறகு யார் யாரை வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது என்பது நம் வழக்கம். அதைத்தான் நம்பிப் போனேன். மேலாளருக்கு ஊற்றிக்கொண்டே, "ஐயா, உங்க தொண்ணூறு வடக்கே யாரோ ஒருத்தர் கழுத்துல போய் முடியப் போகுது" என்றேன். மேஜை முழுக்கச் சிரித்தது. "ஹிபினோ அம்மாவுக்கு ஏறிடுச்சு" என்று ஒருவர் என் கோப்பையை நிரப்பினார். மேலாளரும் சிரித்தார், ஆனால் கண் சிரிக்கவில்லை. மறுநாள் நான் எதிர்பார்த்தபடியே யாருக்கும் நினைவில்லை. ஒருவருக்காவது நினைவிருக்காதா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

அதற்கு மேல் பொறுக்கவில்லை. தரையில் இன்னும் அறுபது வடக்கு நக்கிள்கள் அனுப்பத் தயாராகக் கிடந்தன. அறுபதிலும் சிவப்புச் சீட்டு கட்டி, என் முத்திரையை வைத்தேன். சாய்க்கவில்லை, நேராகவே வைத்தேன். குவாயாமா பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏம்மா என்னையும் சேத்து மாட்டிவிடறீங்க? மார்ச் முடியட்டும், வருஷக் கணக்கு முடிஞ்சதும் சத்தமில்லாம உருக்கிடலாம்" என்றார். "மார்ச்சுக்குள்ள பனி உருகிடுமே, அப்ப எதுக்கு?" என்றேன். அவர் எழுந்து போனார். சீட்டுகள் இன்றைக்கு இருக்கின்றன. நாளைக்கு இருக்குமா என்று தெரியவில்லை.

என் முத்திரைக்கு அறுபது சீட்டுதான் கேட்கும். அந்தத் தாள் உங்கள் முத்திரைக்குத்தான் கேட்கும். கெஞ்சிக் கேட்கிறேன், எழுதுங்கள். நமக்குள் இதுவரை நான் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை.

உங்கள்
மிட்சுயோ


அன்ஜோ,
டிசம்பர் 19

அன்புள்ள உங்களுக்கு,

இன்று வானம் துடைத்து வைத்தது போல இருக்கிறது. எனக்கும் அப்படித்தான்.

திங்கட்கிழமை உங்கள் தாள் வந்தது. ஐந்து வரி, கீழே முத்திரை. குவாயாமா அதை நின்றுகொண்டே படித்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார், மறுபடி மாட்டிக்கொண்டார். அன்றைக்கே நிறுத்திவிட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார், பாவம். வாசல் பலகையில் எண் எழுபத்தொன்றுக்கு இறங்கிவிட்டது. மேலாளர் இரண்டு நாளாக யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை. உங்கள் தாளைச் சட்டத்தோடு கழற்றிவிட்டார்கள். சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. ஆறிக் கிடந்த உலையைத் திரும்ப மூட்டியிருக்கிறார்கள்.

உங்கள் பெட்டியும் நேற்று வந்தது. சீட்டை அவிழ்க்கும்போதுதான் பின்பக்கத்தில் எழுத்தைப் பார்த்தேன். எட்டு மாதத்தில் நீங்கள் எனக்கு எழுதிய முதல் கடிதம், அதுவும் உள்ளங்கை அளவு அட்டையில்! "தாள் அனுப்பிவிட்டேன். முதலிலேயே அனுப்பியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது. நாற்பத்தொன்றையும் நானே வேனில் போய் எடுத்து வருகிறேன். விற்பனைப் பட்டியலில் நாற்பதுதான் இருக்கிறது. ஒன்று எங்கே? தேடு." உடை மாற்றும் அறைக்குப் போய் அழுதேன். நொரியே பின்னாலேயே வந்து, "நல்ல சேதியா, கெட்ட சேதியா? ஒரே மாதிரி அழறீங்களே" என்றாள். அவளுக்கும் படித்துக் காட்டினேன்.

நீங்கள் மனசுக்குள் எவ்வளவு நாள் வைத்துக்கொண்டு திண்டாடியிருப்பீர்கள் என்று இப்போது புரிகிறது. போன கடிதங்களில் கடுமையாக எழுதியதற்கு வருந்துகிறேன். என் புருஷன் ஒரு நல்ல மனிதன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது. நேரில் சொன்னால் நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வீர்கள். அதனால் இங்கேயே எழுதிவிட்டேன்.

அந்த ஒன்று எங்கே என்றா கேட்கிறீர்கள்? நான்தான் தப்பாக எண்ணியிருப்பேன். இந்த வயதில் நாற்பதுக்குப் பிறகு முப்பத்தெட்டு வந்தாலும் ஆச்சரியமில்லை. வெளியே போனதெல்லாம் விற்பனைப் பட்டியலில் இருக்கும். பட்டியலில் நாற்பது என்றால் நாற்பதுதான். இருந்தாலும் நீங்கள் தேடு என்று சொன்னதால் தேடுகிறேன். ஆண்டிறுதிப் பெரிய துப்புரவுக்காகப் பதிவேடுகளை எல்லாம் கட்டி மேலே ஏற்றிவிட்டார்கள். இருபத்தாறாம் தேதி இறக்குகிறார்கள். அன்று பார்த்துச் சொல்கிறேன்.

ஒரே ஒரு கவலை. கணவாய்ப் பாதையில் இப்போது பனிக்காற்று வீசும் என்று செய்தியில் சொன்னார்கள். ஒரே நாளில் நக்கிள் வாங்கிய எல்லாக் கடைக்கும் போய்வரப் பார்க்காதீர்கள். நாற்பதும் ஒரு வாரம் காத்திருக்கும்.

பெட்டியின் அடியில் ஆறு காகிப் பழங்கள், தவிட்டுத் தாளில் சுற்றி வைத்திருக்கிறேன். நன்றாக உலர்ந்து மேலே வெள்ளை மாவு பூத்திருக்கிறது. புத்தாண்டுக்கு வருகிறீர்கள்தானே? சீக்கிரம் வந்துசேருங்கள்.

உங்கள்
மிட்சுயோ


அன்ஜோ,
டிசம்பர் 26

நாயோரோ கிளையில் பெட்டிகளைத் திறக்கும் பெயர் தெரியாத உங்களுக்கு,

வணக்கம். முன்பின் அறியாதவருக்கு இப்படி எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். நான் அன்ஜோ ஆலையில் மூன்றாவது மேஜையில் வேலை செய்பவள். உங்கள் கிளைப் பொறுப்பாளர் ஹிபினோ ஷிகேஹருவின் மனைவி.

இன்று காலை உங்கள் பெட்டிகள் வந்தன. சீட்டில் இருந்தது என் கணவரின் கையெழுத்து இல்லை. தேதி ஞாயிற்றுக்கிழமை. ஏழுக்கு நடுவில் கோடு இல்லை. சளி பிடித்திருக்கும், விடுப்பில் இருப்பார் என்றுதான் முதலில் நினைத்தேன். பெட்டிக்குள் நக்கிள்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி வைத்திருந்த விதத்தைப் பார்த்ததும் அவர் கையால் வைத்தது என்று தெரிந்துவிட்டது. எண்ணினேன். நாற்பது. எண்களை வரிசைப்படுத்திப் பார்த்தேன். ஒன்று முதல் நாற்பத்தொன்று வரை இருக்கின்றன. பதினேழு மட்டும் இல்லை.

நான் தப்பாக எண்ணவில்லை. பதிவேடுகளை இன்றுதான் இறக்கினார்கள். விற்பனைப் பட்டியலில் பதினேழு இல்லை, ஏனென்றால் அதை யாருக்கும் விற்கவில்லை. வாயிலில் வெளியே போகும் சாமான்களை எழுதும் ஏட்டில் இருக்கிறது. "எண் 17. நாயோரோ கிளையின் வெள்ளை வேன். முன் இடது சக்கரம். விளம்பரத்துக்காக." சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் என் முத்திரை இருக்கிறது.

தேடு என்று அவர் என்னிடம் சொன்னார். துப்புரவு முடியட்டும் என்று நான் தள்ளிப்போட்டேன்.

காலையிலிருந்து அவர் போனுக்கு அடிக்கிறேன், அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்கிறது ஒரு பெண் குரல். கிளையின் போனில் மணிகூட அடிக்கவில்லை. திங்கட்கிழமைப் புயலில் கம்பிகள் விழுந்துவிட்டன, உங்கள் பக்கம் முழுக்கவே மின்சாரம் இல்லை, பொறுத்திருங்கள் என்கிறார்கள் தலைமை அலுவலகத்தில். காவல் நிலையத்துக்கும் சொல்லியிருக்கிறது. குவாயாமா போனை விட்டு நகராமல் உட்கார்ந்திருக்கிறார். விமானம் இருபத்தொன்பது வரை இல்லை. காலிப் பெட்டி லாரி இன்னும் சிறிது நேரத்தில் கிளம்புகிறது. நானோ இந்தக் கடிதமோ, எது முதலில் வந்தாலும் சரி.

உங்களை நான் கேட்பது இதுதான். வேன் முற்றத்தில் நின்றால் யாரையும் தொட விடாதீர்கள். சாவியைப் பிடுங்கிப் பனியில் வீசி எறியுங்கள். அவர் கோபித்தால் மிட்சுயோ சொன்னாள் என்று சொல்லுங்கள். வேன் முற்றத்தில் இல்லை என்றால், பதினேழைத் தேடிக்கொண்டு அந்த வேனிலேயேதான் கிளம்பியிருப்பார். அவர் போன வழியில் இருக்கிற ஒவ்வொரு கடைக்கும் ஆள் அனுப்புங்கள். அவர் எங்கே இருந்தாலும் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வரச் சொல்லுங்கள். எவ்வளவு தூரமானாலும் நடந்து வரட்டும். அவர் மெதுவாகத்தான் நடப்பார், நான் காத்திருப்பேன்.

போன வாரப் பெட்டியின் அடியில், தவிட்டுத் தாளில் ஆறு காகிப் பழங்கள் வைத்திருந்தேன். அவை இன்னும் அங்கேயே இருந்தால் நீங்கள் எடுத்துச் சாப்பிடாதீர்கள். தயவுசெய்து அவருக்காக வைத்திருங்கள்.

நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. நீங்களும் உங்கள் வீட்டாரும் இந்தக் குளிரில் நலமாக இருக்க வேண்டும். உங்கள் கையெழுத்து மிகவும் அழகாக இருக்கிறது. ஆனால் அடுத்த பெட்டிக்குச் சீட்டை நீங்கள் எழுதாதீர்கள். அவரை எழுதச் சொல்லுங்கள். கையில் அடிபட்டிருந்தால் கோணலாக எழுதட்டும். கடிதம் வேண்டாம், ஊர் பெயரும் வேண்டாம். நடுவில் கோடு போட்ட ஒரே ஒரு ஏழு போதும்.

பணிவுடன்,
ஹிபினோ மிட்சுயோ
மூன்றாவது மேஜை